மேடில்லா நாட்டில் மலைச் சைக்கிள்

தஞ்சாவூர் கடல்மட்டத்திலிருந்து 60 மீட்டர் உயரம்கூட இல்லை. அங்கிருந்து கிழக்கே நாகப்பட்டினம் 80 கிலோமீட்டருக்கு மேல். கணக்குப் போட்டால், ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் போனால்தான் நிலம் ஒரு மீட்டர் சரிகிறது. கல்லணையில் பிரிந்து வரும் வெண்ணாறும், அதிலிருந்து கிளைக்கும் வெட்டாறும் இந்த அற்பச் சரிவை நம்பித்தான் கடலுக்குப் போகின்றன. தண்ணீருக்குத் தெரிகிற இந்தச் சரிவு சைக்கிள் மிதிப்பவரின் காலுக்குத் தெரியாது.

இப்படிப்பட்ட ஊரில், மலை ஏறி இறங்குவதற்கென்றே செய்த கிராஸ் கன்ட்ரி பந்தயச் சைக்கிளை வாங்கலாமா என்று கேட்பவர்கள் இப்போது பெருகியிருக்கிறார்கள். விடியற்காலையில் புதுஆற்றங்கரையில் மிதிக்கும் மருத்துவர், வங்கி ஊழியர், பொறியியல் மாணவர் என்று பலதரப்பட்டவர்கள். கண்ணாடி போட்ட கடைக்குள் நிற்கும் சைக்கிளின் விலை ஒரு நல்ல மோட்டார் சைக்கிளின் விலையைத் தாண்டுகிறது. அதன் செயல்திறன் எவ்வளவு, அதில் எவ்வளவு இந்த மண்ணில் பயன்படும், கொடுக்கிற காசுக்கு அது தகுமா என்ற மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

வந்த வழி

மலைச் சைக்கிள் பிறந்த கதையில் நமக்குப் பழக்கமான ஒரு பொருள் இருக்கிறது. 1970-களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், மரின் கவுண்டி இளைஞர்கள் 1930-களின் கனத்த பழைய ஷ்வின் சைக்கிள்களைத் தேடிப் பிடித்து, டமால்பையஸ் மலைப் பகுதியின் மண்பாதைகளில் உருட்டி விளையாடினார்கள். நம் ஊரின் பழைய கேரியர் சைக்கிளான ரோட்ஸ்டரைப் போலவே பொதி சுமக்கும் உடம்பு கொண்ட வண்டிகள் அவை. 1976-இல் அங்கே தொடங்கிய இறக்கப் பந்தயத்தின் பெயர் ‘ரீபேக்’. ஒரு முறை இறங்கினாலே பின்சக்கர பிரேக்கின் சூட்டில் கிரீஸ் உருகிப் புகைந்துவிடும். மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் வந்த பெயர். பால்ஸ் பிரித்து கிரீஸ் அடைக்கிற நம் தெருமுனைச் சைக்கிள் கடைக்காரர் அந்தப் பந்தயத்தின் பெயரை விளக்கம் இல்லாமலே புரிந்துகொள்வார். ஜோ பிரீஸ், கேரி ஃபிஷர், டாம் ரிச்சி போன்றவர்கள் அந்த விளையாட்டிலிருந்து புதிய சட்டங்களைச் செய்தார்கள். 1981-இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் ஸ்டம்ப்ஜம்பர் தொழிற்சாலையில் பெருமளவில் தயாராகி வந்தது. 1990-இல் உலகச் சாம்பியன்ஷிப், 1996 அட்லாண்டாவில் ஒலிம்பிக். இருபது ஆண்டுகளில் பொதி வண்டி பந்தய வண்டியாகிவிட்டது.

காவிரி டெல்டாவில் சைக்கிள் வேறு வழியில் வளர்ந்தது. 1949-இல் அம்பத்தூரில் முருகப்பா குழுமம், இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸோடு சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கியது. ஹெர்குலிஸும் பி.எஸ்.ஏ-வும் அந்த வழியாக நம் வீடுகளுக்குள் வந்தன. வாழைத்தாரும் பால் கேனும் நெல் மூட்டையும் கேரியரில் ஏறின. பிள்ளைகள் வாடகை சைக்கிளில் குரங்கு பெடல் போட்டுக் கற்றார்கள்.

பழைய தஞ்சை, திருச்சி மாவட்டங்களிலிருந்து 1974-இல் பிரிந்த புதுக்கோட்டையில், 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்த்து கிராமப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றார்கள். அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் முன்னின்ற அந்த இயக்கத்தைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் விரிவாகப் பதிவு செய்தார். அதில் ஒரு செய்தி நம் கேள்விக்கு நேராகப் பொருந்தும். பெண்கள் சைக்கிள் போதாமல் ஆண்கள் சைக்கிளில் ஏறியவர்கள், பிறகு அதையே விரும்பினார்கள். நடுவிலுள்ள பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதுதான் காரணம். சைக்கிள் மதிப்பீட்டில் அதைவிடத் தெளிவான பாடம் கிடையாது. அந்த பார் எதற்காகப் போடப்பட்டது என்று அவர்கள் கேட்கவில்லை. தங்களுக்கு எதற்கு உதவும் என்று பார்த்தார்கள். 2001-02-இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்குத் தொடங்கி, பின்னர் அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி மேல்நிலை மாணவர் எல்லோருக்கும் விரிந்த இலவச சைக்கிள் திட்டமும் அதே வகைப் பயன்பாட்டுக் கணக்கில் நிற்பதுதான்.

பந்தயச் சைக்கிள் எதற்காகச் செய்யப்பட்டது?

ஒலிம்பிக் வகை கிராஸ் கன்ட்ரி பந்தயம் 4 முதல் 6 கிலோமீட்டர் சுற்றில் நடக்கும். முன்னணி வீரர்கள் அதை ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் திரும்பத் திரும்பச் சுற்றுவார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் தடம், அந்நகர வட்டாரத்தின் மிக உயரமான இடமான 231 மீட்டர் எலான்கூர் குன்றில் அமைந்தது. நம் பக்கத்தில், 2023 அக்டோபரில் ஆசிய மலைச் சைக்கிள் சாம்பியன்ஷிப் திருவனந்தபுரம் மாவட்டம் பொன்முடியில் நடந்தது. குன்று, வேர், பாறை, செங்குத்து ஏற்றம், உடனே இறக்கம். அந்தத் தேவைக்குத்தான் இந்த வண்டியின் ஒவ்வொரு உறுப்பும் செதுக்கப்பட்டிருக்கிறது.

இன்றைய வடிவம் ஏறக்குறைய நிலைபெற்றுவிட்டது. கார்பன் அல்லது அலுமினியச் சட்டம், 29 அங்குலச் சக்கரம், 2.2 முதல் 2.4 அங்குல அகல டயர். 100 முதல் 120 மில்லிமீட்டர் அமுங்கும் காற்று ஃபோர்க். முன்னே ஒரே பல்சக்கரம், பின்னே 12. ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக். பின்பக்கம் ஷாக் இல்லாதது ஹார்டுடெயில், இருப்பது ஃபுல் சஸ்பென்ஷன். மொத்த எடை வகைக்கும் விலைக்கும் ஏற்ப 9 கிலோவிலிருந்து 12, 13 வரை. நம் ரோட்ஸ்டர் 20 கிலோவைத் தொடும்.

இவற்றில் விலையை ஏற்றுவது முக்கியமாக எடை குறைப்பு. ஆகவே ஆராய்ச்சியை அங்கே தொடங்குவோம்.

எடையின் கணக்கு

70 கிலோ ஆள். ஒரு சைக்கிள் 15 கிலோ, இன்னொன்று 10 கிலோ. 5 கிலோ வித்தியாசத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல் போகலாம். கிடைப்பது என்ன?

சமதளத்தில், காற்றில்லாத காலையில், மண்பாதையில் மணிக்கு 20 கிலோமீட்டர் போக அவருக்குச் சுமார் 90 வாட் சக்தி வேண்டும். அதில் 50 வாட்டுக்குச் சற்று மேல் காற்றைக் கிழிக்க. மீதி டயர் உருள. எடை குறைந்தால் உருளும் பங்கில் மட்டும்தான் லாபம். அது 2 வாட் சொச்சம்.

இப்போது அவரைக் கொல்லிமலைக்குக் கொண்டுபோவோம். 100 மீட்டருக்கு 8 மீட்டர் உயரும் ஏற்றத்தில் மணிக்கு 10 கிலோமீட்டர் ஏறினால் சுமார் 210 வாட் செலவாகும். அதே 5 கிலோ இங்கே 11, 12 வாட் மிச்சம் பிடிக்கும். பந்தயத்தில் இது பெரிய விஷயம். ஒன்றரை மணி நேரப் போட்டியில் ஒரு நிமிடம் பல இடங்களைத் தீர்மானிக்கும். டெல்டாவில் அந்த 2 வாட், புறப்படும்போது டயருக்குச் சரியாகக் காற்றடித்தாரா இல்லையா என்பதிலேயே கரைந்துபோகும்.

அப்படியானால் டெல்டாவில் ஏற்றமே இல்லையா? இருக்கிறது. அதன் பெயர் ஆடிக்காற்று. மணிக்கு 15 கிலோமீட்டர் எதிர்காற்றில் அதே 20 கிலோமீட்டர் வேகத்தைப் பிடிக்க முயன்றால், தேவைப்படும் சக்தி 195 வாட் அளவுக்கு எகிறும். கொல்லிமலை ஏற்றத்துக்கு ஏறக்குறைய சமம். திருவையாற்றிலிருந்து ஆற்றங்கரையோடு கல்லணை நோக்கி மேற்கே மிதிப்பவருக்கு ஆடி மாதத்தில் நடப்பது இதுதான். இந்த மலைக்கு எடை குறைந்த சைக்கிள் மருந்தாகாது. 195-இல் அது தருவது அதே 2 வாட். ஆனால் முழங்கையை மடக்கி, முதுகைத் தாழ்த்தி, உடம்பின் முன்பரப்பை ஐந்தில் ஒரு பங்கு குறைத்துக்கொண்டால் 30 வாட்டுக்கு மேல் மிச்சமாகும். காசில்லாமல் கிடைப்பது அது. பந்தயச் சைக்கிளின் தாழ்ந்த ஹேண்டில்பார் இதற்கு உதவும் என்பது அதன் கணக்கில் ஒரு வரவு. முக்கால் மீட்டர் அகலக் கைப்பிடி காற்றைப் பிடிக்கும் என்பது ஒரு செலவு.

டயர்: இங்கேதான் லாபம்

எடைக்கு அடுத்து விளம்பரங்களில் அதிகம் பேசப்படாத டயர்தான் நம் மண்ணில் உண்மையான வேலையைச் செய்கிறது. வாய்க்கால் கரையில் டிராக்டர் தடம் காய்ந்து இறுகிய பள்ளமேடுகளில் ஒல்லி டயர் ஒவ்வொரு குலுக்கலையும் முதுகுத்தண்டுக்கு அனுப்பும். 2.2 அங்குல டயரில் 20, 25 பி.எஸ்.ஐ. அளவுக்குக் காற்றைக் குறைத்து வைத்தால் டயரே முதல் ஷாக்காக வேலை செய்யும். பெரிய 29 அங்குலச் சக்கரம் பள்ளத்துக்குள் விழாமல் கடக்கும்.

இன்னொன்று முள். கரைகளிலும் தரிசுகளிலும் சீமைக்கருவேலம் மண்டிய நாடு இது. சாதாரண டியூப் போட்ட மலைச் சைக்கிளோடு கரையில் இறங்கினால், திரும்பி வரும்போது ஒரு முறையாவது சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வர நேரும். டியூப் இல்லாத டயருக்குள் ரப்பர் பால் கலந்த திரவம் ஊற்றி ஓட்டும்போது நடப்பதைக் கிட்டே இருந்து பார்க்க வேண்டும். முள்ளைப் பிடுங்குகிறோம். ‘உஸ்’ என்று காற்றோடு வெள்ளைப் பால் சீறுகிறது. சக்கரத்தைச் சுழற்றி ஓட்டையைக் கீழே கொண்டுவந்து நிறுத்துகிறோம். நாலைந்து மூச்சு விடுவதற்குள் சீறல் குமிழாகி, குமிழ் உறைந்து, ஓட்டை அடைபடுகிறது. ஏறி மிதிக்கலாம். பந்தயத்துக்காகக் கண்டுபிடித்த உத்திகளில் டெல்டா விவசாயியின் சைக்கிளுக்குக்கூடப் பொருந்துவது இது ஒன்றுதான் என்று சொல்லலாம். குறை ஒன்று உண்டு: பங்குனி, சித்திரை வெயிலில் பால் சீக்கிரம் வற்றிவிடும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பார்த்து ஊற்ற வேண்டும்.

ஷாக், பிரேக், கியர்

பந்தயக் காற்று ஃபோர்க் ஒன்றரைக் கிலோ சுற்று. சாதாரண விலைச் சைக்கிள்களில் வரும் ஸ்பிரிங் ஃபோர்க் அதைவிட ஒரு கிலோ கூடுதல். போகப்போகத் துருவேறி அமுங்கவே மறுக்கும். நல்ல ஃபோர்க் நல்லதுதான். ஆனால் தயாரிப்பாளர்கள் சுமார் 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை அதன் கீழ்க்குழாயைக் கழற்றி எண்ணெய் மாற்றச் சொல்கிறார்கள். வாரம் 10 மணி நேரம் ஓட்டினால் ஐந்து வாரத்துக்கு ஒருமுறை. ஃபுல் சஸ்பென்ஷனில் இதோடு பின் ஷாக்கும், மூட்டுகளிலுள்ள பேரிங்குகளும் சேரும். சேற்று நீர் புகுந்தால் முதலில் போவது அந்த பேரிங்குகள். 100 மில்லிமீட்டர் அமுங்கும் கருவியில் நம் கரைகள் கேட்பது அதில் ஒரு சிறு பகுதியைத்தான்.

பிரேக்கில் டிஸ்க் நிச்சயம் வேண்டும். வண்டல் கலந்த தண்ணீர் ரிம்மில் பட்டால் ரப்பர் பிரேக் உப்புத்தாள் போல ரிம்மையே தேய்க்கும். டிஸ்க் சேற்றுக்கு மேலே நிற்கிறது. ஹைட்ராலிக் வாங்குபவர்கள் எண்ணெயின் வகையைக் கேட்க வேண்டும். ஷிமானோ மினரல் எண்ணெய் கேட்கும். அது பெரும்பாலும் வெளியூரிலிருந்து தருவிக்க வேண்டியது. ஸ்ராம் நிறுவனத்தின் பல பிரேக்குகள் ‘டாட்’ வகைத் திரவம் கேட்கும். அதை மோட்டார் சைக்கிள் உதிரிபாகக் கடையில் வாங்கலாம். இதெல்லாம் பட்டியலில் வராத தகவல்கள். பட்டுக்கோட்டையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரேக் இறங்கிவிட்டால் மட்டும் புரியும்.

கியரைப் பொறுத்தவரை, முன்னே 32 பல், பின்னே 10 முதல் 51 பல் வரை என்பது வழக்கமான பந்தய அமைப்பு. ஒரு மிதிக்கு ஒன்றரை மீட்டருக்கும் குறைவிலிருந்து 7 மீட்டருக்கு மேல் வரை போகலாம். சமதளத்தில் 20 கிலோமீட்டர் வேகத்துக்கு வேண்டியது ஒரு மிதிக்கு நாலரை மீட்டர் சுற்று. எதிர்காற்றையும் சேர்த்தால் நடுவிலுள்ள ஐந்தாறு பல்சக்கரங்களோடு டெல்டா முடிந்துவிடும். மீதிப் பாதி பொன்முடிக்கானது.

களிமண், வைக்கோல், உப்புக்காற்று

செயல்திறனை ஆய்வுக்கூடத்தில் அளக்கலாம். ஆயுளை மண்தான் அளக்கும். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்து, தண்ணீர் வாய்க்காலுக்கு வந்த பிறகு, கரையோரத் தாழ்வுகள் நனையத் தொடங்கும். ஐப்பசி அடைமழையில் பழைய டெல்டாவின் களிமண் பாதையில் இறங்கினால், டயரில் ஒட்டும் மண் ஒரு சுற்றுக்கு ஒரு அப்பு என்று தடித்து, சட்டத்துக்கும் டயருக்கும் நடுவேயுள்ள இடைவெளியை அடைத்துவிடும். சக்கரம் சுழலாது. 9 கிலோ சைக்கிள் அப்போது 15 கிலோ ஆகித் தோளில் ஏறும். வேகத்துக்காகப் பந்தய டயரில் குட்டைப் பல் வைத்திருப்பதால் மண் இன்னும் எளிதாக அப்பிக்கொள்ளும். வாங்கும்போது டயருக்கு இருபுறமும் ஒரு விரல் நுழைகிறதா என்று பார்ப்பது இதற்காகத்தான்.

குறுவை அறுப்பிலும், தை மாதச் சம்பா அறுப்பிலும் சாலையோரம் நெல் காயும். சில இடங்களில் வைக்கோல் விரித்திருக்கும். அதன் மேல் ஏறினால் ஒரு வைக்கோல் தாள் போதும்: பின் கியரின் குட்டிச் சக்கரத்தில் சுற்றி, அடுத்த மிதியில் கியர் மாற்றியையே சக்கரத்துக்குள் இழுத்துக்கொள்ளும். செயின் கவசம் போட்ட ரோட்ஸ்டருக்கு இந்தப் பயமே கிடையாது. வேதாரண்யம் உப்பளப் பக்கம் போகிறவர்களுக்குக் காற்றே துரு. கார்பன் துருப்பிடிக்காது, அதை இறுக்கும் போல்ட்டுகள் துருப்பிடிக்கும்.

தேய்மானத்தை அறிய வீட்டிலிருக்கும் 12 அங்குல இரும்பு ஸ்கேல் போதும். செயினின் ஒரு பின்னின் நடுவில் பூஜ்யத்தை வையுங்கள். புதுச் செயினில் 12-ஆம் கோட்டில் இன்னொரு பின் அச்சாக நிற்கும். அது மாகாணி அங்குலம், அதாவது 16-இல் ஒரு பங்கு, தாண்டிவிட்டால் செயினை மாற்ற வேண்டும். தள்ளிப்போட்டால் செயினைப் போல் பல மடங்கு விலையுள்ள 12 பல்சக்கர அடுக்கும் சேர்ந்து தேயும். புழுதியும் வண்டலும் உள்ள நம் பாதைகளில் இந்த நாள் சீக்கிரம் வரும்.

ரூபாய்க் கணக்கு

2023-24 மத்திய பட்ஜெட்டில் இறக்குமதி சைக்கிள்களுக்கான சுங்க வரி 30-லிருந்து 35 சதவீதமானது. 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கான ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. முன்னது வெளிநாட்டுப் பந்தயச் சைக்கிளின் விலையைத் தூக்கிவிடுகிறது. பின்னது எல்லா சைக்கிளுக்கும் சிறு ஆறுதல்.

ஆனால் விலைச்சீட்டை மட்டும் பார்ப்பது பாதிக் கணக்கு. வாங்கிய விலையில் விற்கும் விலையைக் கழித்து, பராமரிப்பைக் கூட்டி, ஓடிய கிலோமீட்டரால் வகுக்க வேண்டும். எடுத்துக்காட்டுக்கு எல்லா வண்டியும் ஆண்டுக்கு 3,000 கிலோமீட்டர் ஓடுவதாக வைப்போம். 2 லட்சத்துக்கு வாங்கிய பந்தயச் சைக்கிள், ஐந்தாண்டு கழித்து 80,000-க்கு விற்று, ஆண்டுக்கு 15,000 பராமரிப்பு என்றால், கிலோமீட்டருக்கு 13 ரூபாய். 60,000-க்கு வாங்கிய அலுமினிய ஹார்டுடெயில், 25,000-க்கு விற்று, ஆண்டுக்கு 4,000 பராமரிப்பு என்றால், மூன்றே முக்கால் ரூபாய்க்கும் குறைவு. 8,000 ரூபாய் ரோட்ஸ்டர், பத்தாண்டு ஓடி 2,000-க்குப் போய், ஆண்டுக்கு 1,000 பராமரிப்பு என்றால், அரை ரூபாய் சொச்சம். உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள், வரிசை மாறாது. லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் செலவைவிட, பெட்ரோலே கேட்காத பந்தயச் சைக்கிளின் கிலோமீட்டர் செலவு கூடுதல்.

மறுபுறத்தில், மலிவுச் சந்தையில் ‘21 கியர், இரட்டை ஷாக்’ என்று ஒட்டுப்படத்தோடு வரும் சைக்கிள்களுக்கும் எச்சரிக்கை தேவை. கனத்த ஸ்பிரிங்கும், தரமற்ற கியரும் ரோட்ஸ்டரின் உறுதியையும் தராது. பந்தயச் சைக்கிளின் ஓட்டத்தையும் தராது. விலைக்கு மதிப்பு என்று பார்த்தால் மிக மோசமானவை இவைதான்.

யாருக்கு எது?

மலைக்குப் போகிறவருக்குக் கணக்கு மாறும். பச்சமலை, கொல்லிமலை என்று மாதம் இருமுறையாவது போகிறவருக்கும், தேசியப் போட்டிக்குத் தயாராகிற மாணவருக்கும் பந்தய ஹார்டுடெயில் தகும். கார்பனுக்கு முன் நல்ல சக்கரத்துக்கும் டயருக்கும் செலவிட வேண்டும். தஞ்சைக்கு மேற்கே வல்லம், செங்கிப்பட்டிப் பக்கத்துச் செம்மண் மேடுகள் அவர்களுக்குப் பயிற்சிக்களமாகும். ஃபுல் சஸ்பென்ஷன், டெல்டாவில் குடியிருந்து மலையில் பந்தயம் ஓட்டுகிற ஒரு சிலருக்கு மட்டும்.

ஆற்றங்கரையில் காலை ஓட்டம், ஊருக்கு ஊர் போய்வருதல், உடல்நலம் என்பவர்களுக்கு நல்ல அலுமினியச் சட்டம், 29 அங்குலச் சக்கரம், 2.2 அங்குல டியூப் இல்லாத டயர், டிஸ்க் பிரேக், ஷாக் இல்லாத ஃபோர்க் அல்லது பூட்டி வைக்கக்கூடிய எளிய காற்று ஃபோர்க், எட்டோ ஒன்பதோ கியர் போதும். பந்தயச் சைக்கிளின் பலன்களில் டெல்டா கேட்பது பெரும்பாலும் இதற்குள் அடங்கிவிடும். மீதமாகும் பணத்தில் மட்கார்டும் விளக்கும் ஹெல்மெட்டும் வாங்கலாம்.

பாலும் மூட்டையும் சுமப்பவருக்கு ரோட்ஸ்டரை மிஞ்ச இன்னும் எதுவும் வரவில்லை.

வாங்கப் போகிறவர்களுக்குக் கடைசியாக ஒரு வேண்டுகோள். கடையின் வழுவழுத் தரையில் ஓட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரு மணி நேரம் கடனாகக் கேட்டு வாங்கி, எதிர்காற்று வீசும் ஒரு மாலையில் உங்கள் ஊர் வாய்க்கால் கரையில் ஓட்டுங்கள். அதன் பிறகும் மனம் கேட்டால் வாங்குங்கள்.